பகலாணி முதல் பந்துக் கொக்கி வரை

விருதுநகர் மாவட்டம் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தை வெளியூர்க்காரர்கள் ஒரே ஒரு நாளை வைத்து அறிவார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அவ்வூர்ப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபது பேருக்கு மேல் மாண்டனர். எனக்கு அது மனைவி பிறந்த ஊர். ஆண்டுக்கு நான்கைந்து முறையேனும் போய்வருகிறேன். இதை எழுதக் காரணமாக அமைந்தது அங்கே நடந்த இன்னொரு விபத்து. அதில் யாரும் சாகவில்லை. எந்த நாளிதழிலும் அது வரவில்லை.

என் மைத்துனர் சிறிய அளவில் கட்டட ஒப்பந்த வேலை செய்பவர். அவரிடம் பழைய பிக்கப் வண்டி ஒன்றும், கொத்தனார் வட்டாரத்தில் ‘மில்லர்’ என்று வழங்கும் கான்கிரீட் கலவை இயந்திரம் ஒன்றும் உண்டு. மில்லருக்குக் கீழே சிறு சக்கரங்கள், முன்னால் நீண்ட ஓர் இரும்புத் தண்டு, தண்டின் நுனியில் ஒரு வளையம். ஒரு வேலையிடத்திலிருந்து இன்னொன்றுக்கு அதைக் கொண்டுபோகும் முறையை வாசகர்களில் பலர் சாலையில் பார்த்திருக்கக்கூடும். பிக்கப்பின் பின்கதவைத் திறந்துவிட்டு, தண்டைத் தளத்தின்மேல் ஏற்றி, தேங்காய்நார்க் கயிற்றால் ஒரு கட்டுக் கட்டி, இரண்டு ஆட்களை உட்காரவைத்துக் கையால் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். ஏறத்தாழ ஒரு டன் எடைக்கும் அதை இழுக்கும் வண்டிக்கும் இடையிலான இணைப்பு இரண்டு ஜோடிக் கைகள்! (இதைப் பலமுறை பார்த்தும் ஒரு நாளும் எனக்கு உறைத்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.) சென்ற தை மாதம் ஒரு வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியபோது தண்டு துள்ளியது. பிடித்திருந்த இருபது வயதுப் பையனின் விரல்கள் இரண்டு, தண்டுக்கும் தளத்தின் விளிம்புக்கும் நடுவே நசுங்கின. ஒரு விரலின் மேற்கணுவை எடுத்துவிட வேண்டியதாயிற்று.

மறுவாரம் மைத்துனர் தொலைபேசியில் அழைத்தார். “முறையா ஒரு கொக்கி மாட்டிரணும் அத்தான். எதை மாட்டுறது, எங்க மாட்டுறதுன்னு படிச்சுச் சொல்ல நீங்க வாங்க” என்றார். வண்டியின் கையேடு ஆங்கிலத்தில் இருந்தது என்பதைத் தவிர என்னை அழைக்க வேறு காரணம் இருக்க முடியாது. ஆனால் படிக்கத் தொடங்கிய பிறகு, இந்தப் பொருள் என் துறையை விட்டு அவ்வளவு தூரத்தில் இல்லை என்பது புரிந்தது.

இழுப்பதையும் இழுபடுவதையும் சேர்க்கும் உறுப்பு நம் இலக்கியத்தில் மிகப் பழையது. அதன் பெயர் நுகம். நுகத்தின் நட்டநடுவே, ஏர்க்காலோடு அது சேருமிடத்தில் தைத்திருக்கும் முளைக்குப் பகலாணி என்று பெயர். ‘பகல்’ என்றால் நடு. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களின் நடுநிலை பிறழாத நெஞ்சுக்கு உவமை தேடிய பட்டினப்பாலை ஆசிரியர், தராசு முள்ளை விட்டுவிட்டு இந்த ஆணியை எடுத்துக்கொண்டார். இரண்டு எருதுகளில் ஒன்று வலியதாகவும் ஒன்று மெலியதாகவும் இருக்கலாம். ஆணி எந்தப் பக்கமும் சாயாமல் நடுவில் நின்றால்தான் வண்டி நேரே போகும். அப்புலவர், கடியலூர் உருத்திரங்கண்ணனார், வண்டிகளைக் கூர்ந்து பார்த்தவர் என்றே நினைக்கிறேன். பெரும்பாணாற்றுப்படையும் அவர் பாடியதே. அதில் உமணர்களின் உப்பு வண்டியைச் சக்கரம், ஆரக்கால், அச்சு என்று உறுப்பு உறுப்பாக வருணிக்கிறார். கைக்குழந்தையோடு இருக்கும் பெண் ஒருத்தி எருதுகளை ஓட்டி வருகிறாள். உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அச்சேற்றியிராவிட்டால் இந்த வண்டிகள் ஏட்டுச்சுவடியிலேயே மக்கிப்போயிருக்கும்.

புறநானூற்றின் 102ஆம் பாட்டு இன்னும் நெருக்கமானது. அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது. எருதுகளோ நுகம் பழகாத இளங்காளைகள். வண்டியிலோ பண்டம் அதிகம். வழியில் பள்ளமும் மேடும் என்ன வருமோ தெரியாது. ஆகவே உமணர்கள் வண்டியின் அடிமரத்தில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டியே வைத்திருப்பார்கள். சேம அச்சு என்று அதற்குப் பெயர். எழினி அத்தகையவன் என்கிறார் ஔவை. வகுப்பில் இதை இருபது ஆண்டுகளாக நடத்திவருகிறேன், தலைவனைப் புகழும் உவமையாக. மில்லர் தண்டைப் பிடித்திருந்த பையனின் கட்டுப்போட்ட கையைப் பார்த்த பிறகுதான் அதை ஒரு பாதுகாப்பு விதியாகவும் படிக்க முடிந்தது. பழகாத இழுவை, மிகையான பாரம், தெரியாத சாலை, எல்லாம் ஒருசேர வரும்போது இரண்டாவது ஏற்பாடு ஒன்று வேண்டும் என்பதை அந்த உப்பு வணிகர்கள் அறிந்திருந்தனர். பாரத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பது குறளில் மயிற்பீலி ஏற்றிய வண்டியாக (475) வருவதை எல்லோரும் அறிவோம்.

என் தாத்தாவிடம் கட்டைவண்டி இருந்தது. பருத்தி மூட்டைகளை அவர் ஏற்றுவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். ஏற்றி முடித்ததும் நேரே மாடுகளைப் பூட்டிவிட மாட்டார். நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். அசைக்கவே முடியாமல் கனத்தால் முன்பாரம். கையோடு மேலே எழும்பி வந்தால் பின்பாரம். முன்பாரம் மாட்டின் கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். பின்பாரமோ நுகத்தை மேலே தூக்க, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். இரண்டும் கூடாது. சற்றே முன்பாரமாக, ஒரு ஆள் இரண்டு கைகளால் தூக்கக்கூடிய அளவு கனம் நுகத்தில் இருக்க வேண்டும். அதற்காக ஒரு மூட்டையை அரைமுழம் முன்னே தள்ளுவார், பின்னே இழுப்பார். ஏற்றுக்கூலி ஆட்கள் சலித்துக்கொள்வார்கள்.

இன்று மேலைநாடுகளில் டிரெய்லர் இழுப்போருக்குச் சொல்லப்படும் முதல் விதி இதுவேதான். டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை கொக்கியின்மேல் இறங்க வேண்டும் என்பது அமெரிக்க வழக்கு. ஆயிரம் கிலோ என்றால் கொக்கியில் 100 முதல் 150 கிலோ. அதற்குக் குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் பாம்பைப் போல இருபுறமும் ஆடத் தொடங்கி, இழுக்கும் வண்டியையே புரட்டிவிடும். கூடினால் முன்சக்கரங்கள் இலேசாகி, திருப்புவதும் நிறுத்துவதும் கைக்கு அடங்காமல் போகும். தாத்தாவிடம் எடைத் தராசும் இல்லை, விழுக்காட்டுக் கணக்கும் இல்லை. மாட்டின் கழுத்துதான் அவருடைய கருவி. பிழையாக ஏற்றினால் அது தலையை உதறும், நடக்க மறுக்கும், நுரை தள்ளும். இரும்பு அப்படியெல்லாம் முறையிடுவதில்லை; முறிகிற வரைக்கும் சும்மா இருக்கும்.

இந்தக் கரிசல் வட்டாரமே வண்டியால் வளர்ந்த பூமி. தெற்கே கடலோரத்துப் பனங்காடுகளிலிருந்து கருப்பட்டியும் உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு வடக்கே வந்த நாடார் வணிகர்கள், 19ஆம் நூற்றாண்டில் வழியெங்கும் பேட்டைகளை அமைத்தனர். இரவில் வண்டியையும் மாட்டையும் சரக்கையும் கள்ளர் பயமின்றி அவிழ்த்துவிடச் சுவர் சூழ்ந்த தங்குமிடங்கள் அவை. சிவகாசி, விருதுபட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் ஆகியவை அவ்வாறு வணிக ஊர்களாகப் பெருகியவை. பேட்டைச் செலவுக்காக வணிகர்கள் தமக்குள் வசூலித்துக்கொண்ட மகமை பின்னாளில் பள்ளிக்கூடங்களுக்கும் ஆயிற்று. காமராசர் படித்த விருதுநகர் சத்திரிய வித்யாசாலை 1889இல் தொடங்கியது. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட தமிழக நாடார்களைப் பற்றிய நூலில் இவ்வரலாறு விரிவாக உள்ளது. அதில் என்னைக் கவர்வது ஒரு சிறு செய்தி: வண்டி ஓடும்போது மட்டுமல்லாமல், அவிழ்த்துவிட்ட வேளையிலும் அதற்குக் காவல் தேவை என்பதை ஒரு சமூகமே பொதுப்பணம் போட்டு ஒப்புக்கொண்டது.

வண்டியை நாம் ‘பூட்டு’கிறோம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கதவைப் பூட்டுவதற்கும் ஏர் பூட்டுவதற்கும் தமிழில் ஒரே வினை. தானே திறந்துகொள்ளாதபடி சேர்ப்பது என்னும் பொருள் அதற்குள் இருக்கிறது. டிராக்டர் வந்த பிறகு நாம் டிரெய்லரை ‘மாட்ட’த் தொடங்கினோம். சட்டையைக்கூட ஆணியில் மாட்டலாம். சொல் இளகியபோது கவனமும் இளகிவிட்டதோ என்று மொழி ஆசிரியனாகிய எனக்கு ஒரு சந்தேகம். இதற்கு ஆதாரம் கேட்க வேண்டாம்.

எருதின் இடத்தில் எஞ்சின் வந்த கதை மேற்கே தொடங்குகிறது. 1914இல் டெட்ராய்ட் நகரத்து மரவணிகர் ஃபிரடெரிக் சிப்லி என்பவர் தம் படகை ஏரிக்குக் கொண்டுபோக விரும்பினார். தம் ஃபோர்டு மாடல்-டி காரால் அதை இழுக்க ஏதாவது செய்துதருமாறு கேட்டு அவர் போய் நின்றது ஒரு கொல்லர் பட்டறையில். கொல்லரின் பெயர் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப். அவர் செய்த இழுவண்டியே பின்னர் ஒரு பெருந்தொழிலுக்கு வித்தாயிற்று. தொழிற்சாலையிலேயே பிக்கப் உடலோடு மாடல்-டியை ஃபோர்டு விற்கத் தொடங்கியது 1925இல். கார்களுக்குப் பின்னால் இன்று உலகெங்கும் காணும் பந்துக் கொக்கி 1930களில் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனத்தில் உருவானது. இரும்புப் பந்தின்மேல் கிண்ணம் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். மேலும் கீழும் பக்கவாட்டிலும் திரும்பும், ஆனால் கடகடவென்று ஆடாது. ஐரோப்பாவில் அந்தப் பந்தின் விட்டம் 50 மில்லிமீட்டர் என்று நிலைத்துவிட்டது.

இவர்கள் எல்லோரையும்விட நம் கிராமங்களுக்கு முக்கியமானவர் அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன். முதல் உலகப்போர்க் காலத்தில், 1917இல், உணவு உற்பத்தியைப் பெருக்க அயர்லாந்தில் ஓடிய டிராக்டர்களை மேற்பார்வையிடும் பணி அவருக்குக் கிடைத்தது. அக்காலத்து டிராக்டர்கள் கலப்பையை வெறுமனே பின்னால் கட்டி இழுத்தன. உழும்போது கொழு ஒரு பாறையில் சிக்கினால் கலப்பை நின்றுவிடும், சக்கரம் நிற்காது. டிராக்டர் தன் பின்னச்சையே மையமாகக் கொண்டு முன்னால் தூக்கி, அப்படியே மல்லாந்து ஓட்டுபவர்மேல் விழும். இதில் பலர் மாண்டனர். டிராக்டருக்கும் கலப்பைக்கும் நடுவிலுள்ள இணைப்பில்தான் கோளாறு என்று கண்டு, 1920களில் தொடங்கி மூன்று புள்ளிகளில் பற்றும் இணைப்பை அவர் செம்மைப்படுத்தினார். கலப்பையின் இழுவையே டிராக்டரின் முன்பக்கத்தைத் தரையோடு அழுத்தி வைக்கும்படியான அமைப்பு அது. அவருடைய நிறுவனம் 1953இல் மாசி-ஹாரிஸோடு இணைந்தது. அந்த மாசி ஃபெர்குசனின் கூட்டுறவோடு 1960இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தோன்றியது. நம் வயல்களில் ஓடும் டிராக்டர்களின் பின்னால் இன்றும் அந்த மூன்று புள்ளிகளைக் காணலாம்.

ஆனால் நம்மவர்களுக்கு டிராக்டர் உழவு வண்டி மட்டுமன்று. அதைவிட அதிகமாகச் சுமை வண்டி. மணல், செங்கல், தண்ணீர்த் தொட்டி, குலதெய்வம் கோயிலுக்குப் போகும் சனம் என எல்லாம் அதற்குப் பின்னால். இங்கே மூன்று புள்ளிகள் பயன்படா. ஒற்றைத் துளையும் ஒற்றை முளையும்தான். மழைக்காலத்தில் சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்க, சங்கிலியைத் தாழ்வான இழுசட்டத்தில் கோக்காமல் பின்னச்சுக்கு மேலே வாகான இடத்தில் கட்டுவார்கள். மேலே கட்டியதால் டிராக்டர் மல்லாந்துவிழும் விபத்து இன்றும் நடக்கிறது. ஃபெர்குசன் நூறாண்டுக்கு முன் பார்த்த அதே மரணம்.

மைத்துனர் ஊருக்கு வருவோம். நாங்கள் போன பட்டறை சிவகாசி சாலையில் இருந்தது. பட்டறைக்காரர் பம்பரின்மேல் ஒரு வளையத்தைப் பற்றவைத்துத் தருவதாகவும், அரைமணி நேர வேலை என்றும் சொன்னார். பம்பர் மோதலைத் தாங்குவதற்கான தகடு, இழுப்பதற்கானது அன்று என்று கையேட்டைப் பார்த்துச் சொன்னேன். “அப்ப சேஸில பத்த வச்சிருவோம் அண்ணாச்சி” என்றார். அதுவும் கூடாது. சேஸின் எஃகு உறுதி கூட்டப்பட்டது. பற்றவைக்கும் சூட்டில் அந்த இடம் மட்டும் தன் உறுதியை இழக்கும். விரிசல் பெரும்பாலும் பற்றுக்குப் பக்கத்தில்தான் விடும். அவர் முகம் சற்றே மாறியது. “வாத்தியாரா?” என்று மைத்துனரைக் கேட்டார்.

எந்தக் கொக்கி என்பதில் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. பந்துக் கொக்கி எத்தனை அழகாக இருந்தாலும் அதன்மேல் கவிழக் கிண்ணம் வேண்டும். மில்லரின் தண்டில் இருப்பது வளையம். ஆகவே இரண்டு தடித்த தகடுகளுக்கு நடுவே வளையத்தை விட்டு, மேலிருந்து முளையைச் செருகும் தாடைக் கொக்கி. (பகலாணியேதான், வேறென்ன!) முளை துள்ளி வெளியே வராதபடி அடியில் ஒரு பூட்டூசி. அதை எங்கே வைப்பது என்பதில்தான் நேரம் போயிற்று. சேஸின் இரண்டு நெடுஞ்சட்டங்களுக்கும் நடுவே குறுக்குச் சட்டம் ஒன்றைப் போட்டு, இருபுறமும் தகடு வைத்து போல்ட் முடுக்குவது என்று முடிவாயிற்று. துளையை நெடுஞ்சட்டத்தின் செங்குத்தான முகத்தில்தான் போட வேண்டும். மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் போட்டால் சட்டம் வளையும்போது அங்கிருந்துதான் கிழியும். போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருக்க வேண்டும். அந்த எண் அலங்காரத்துக்கு இல்லை: சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை அறாது, அதில் பத்தில் எட்டுப் பங்கு வரை நிரந்தரமாக நீளாது என்று பொருள். பட்டறைப் பெட்டியில் இருந்தவற்றில் பாதிக்குத் தலையில் எதுவுமே இல்லை. சாத்தூருக்கு ஆள் அனுப்பி வாங்கிவரச் செய்தோம்.

உயரத்தை அளக்கும்போது பட்டறைக்காரர் தாமாகவே ஒன்று சொன்னார். வெற்று வண்டியில் அளந்தால் சிமெண்ட் ஏற்றியதும் கொக்கி தாழ்ந்துபோகும், தண்டு முன்னால் சாயும், மில்லர் பின்னால் தூக்கும் என்றார். பத்து மூட்டை ஏற்றிவைத்து அளந்தோம். அவருடைய அப்பா டயர் வண்டி செய்தவராம். முன்பாரம், பின்பாரம் என்ற சொற்களை நான் சொன்னதும் அவர் முகம் மலர்ந்ததைக் குறிப்பிட வேண்டும். அதன்பின் அவர் என்னை வாத்தியார் என்று சொல்லவில்லை.

சட்டத்தையும் பார்த்தேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் வரையறை மிக அகலமானது. பக்கவண்டி, அரை டிரெய்லர் ஆகியவை தவிர, மோட்டார் வாகனத்தால் இழுக்கப்படும், அல்லது இழுப்பதற்கென்று அமைந்த, எந்த வண்டியும் டிரெய்லர்தான். இழுக்கும் வண்டியின் பதிவெண் கடைசி டிரெய்லரின் பின்னாலும் தெரிய வேண்டும் என்கிறது 61ஆம் பிரிவு. வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு 52ஆம் பிரிவின் கட்டுப்பாடு வேறு. டிரெய்லர் மாட்டியதால் டிராக்டர் ஓட்டுநரின் உரிமம் செல்லாமல் போய்விடுமா என்ற கேள்வியே உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. போகாது என்று நாகஷெட்டி வழக்கில் 2001இல் தீர்ப்பாயிற்று. இழப்பீட்டை யார் கொடுப்பது என்பதில் எழுந்த வழக்கு அது. கைகளால் பிடித்துக்கொண்டு போனதைப் பற்றி இச்சட்டம் ஒன்றும் சொல்வதாகத் தெரியவில்லை. அதை எழுதியவர்கள் அப்படியொன்றை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். வேலை முடிந்ததும் வண்டிக் காகிதங்களோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போவது என்று மைத்துனரிடம் உறுதி வாங்கிக்கொண்டேன்.

கொக்கிக்கு இருபக்கமும் சங்கிலிக்கென்று தனி வளையங்கள் வைக்கச் சொன்னபோது மைத்துனர் தயங்கினார். முளைதான் இருக்கிறதே, எதற்கு வீண் செலவு என்பது அவர் கேள்வி. முளை முறிந்தால் தண்டு தரையில் குத்தும். குத்தினால் மில்லர் குட்டிக்கரணம் போடும். இரண்டு சங்கிலிகளைத் தண்டுக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போட்டால், விழும் தண்டைத் தொட்டிலைப் போல அவை தாங்கிக்கொள்ளும். ஔவையாரின் பாட்டை அவருக்குச் சொன்னேன். உமணர்கள் யார் என்று கேட்டார். சொன்னேன். “உப்புக்கே ரெண்டாவது அச்சு கட்டியிருக்காங்க” என்றார். சங்கிலிக்குச் சம்மதித்துவிட்டார்.

மாலையில் முளையைச் செருகிப் பார்த்தார்கள். அந்தப் பையனும் வந்திருந்தான். கையில் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. நல்ல கையால் அவனே பூட்டூசியை மாட்டினான். பட்டறையிலிருந்து ஊர்வரைக்கும் இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் ஓட்டிவந்தோம். முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்டையும் திரும்ப முடுக்க வேண்டும் என்று கையேட்டின் ஓரத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தேன். முளை இருந்தது, ஊசி இருந்தது, சங்கிலிகள் குறுக்காகக் கிடந்தன. அவற்றுக்கு மேலே, பழைய தேங்காய்நார்க் கயிற்றால் பையன் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தான். அவிழ்க்கும்படி யாரும் சொல்லவில்லை.